சட்டத்தரணியின் வாயைச் சோதித்த யசோதா மிஸ்

“யசோதா மிஸ் மோசம் போயிட்டாவாம்.” வாசலில் நின்றே சாவுச் செய்தியைச் சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய்விட்டாள். நின்றால் நான் கதைத்தே பிடித்துக்கொள்வேன் என்ற பயம் அவளுக்கு. அவரிடம் பேச்சுச் சிகிச்சைக்குப் போன உங்களில் பலருக்கு யசோதா வாய் திறக்க வைத்தவர். எனக்கோ, வாயை மூடச் சொன்னவர்.

நான் சட்டத்தரணி, வாயால் பிழைத்தவன். மோட்டார் சைக்கிளில் போய்த் தலையில் அடிபட்டுத் தேறியபோது பேச்சு முன்னையிலும் கூடக் கொட்டியது. “அப்புக்காத்தர் பழையபடி வந்திட்டார்” என்று சட்டத்தரணியான என்னை ஊரே மெச்சியது. யசோதா காட்டிய படங்களுக்கெல்லாம் பெயர் சொன்னேன், ஒரு பிழையில்லை. நீதிமன்றத்துக்குத் திரும்பலாம் என்று அவர் சொல்லவேண்டியதுதான் பாக்கி.

அவரோ, “நாளைக்குச் சாவகச்சேரிச் சந்தைக்கு வாங்கோ, கத்தரிக்காய் வாங்குவம்” என்றார். இதென்ன விசர் வேலை! போனேன். மரக்கறி விற்ற பெண்ணிடம் விலை கேட்டேன். என் விபத்தைச் சொன்னேன், வென்ற வழக்கொன்றையும் சொன்னேன். யசோதா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சந்தையை விட்டுப் புறப்படுமுன், “அந்த மனுசி உங்களிட்டை என்ன சொன்னவ?” என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“தன்ரை மகனுக்கும் உப்பிடித்தான் அடிபட்டது எண்டு சொன்னவ, ஐயா. ரெண்டு தரம் சொல்லிப் பாத்தவ. நீங்கள் விடேல்லை. படத்துக்குப் பேர் சொல்லுறது வேறை, ஆளோடை கதைக்கிறது வேறை. இப்ப கோட்டுக்குப் போகாதேங்கோ.”

“நீர் ஆர் எனக்குச் சொல்ல?” என்று நடுச்சந்தையில் கத்தினேன். நான் ஓயும்வரை நின்றார். நண்பர்கள் ஏன் வருவதில்லை, வெளிநாட்டு மகள் ஏன் இரண்டு வார்த்தையோடு போனை வைக்கிறாள் என்று அன்றுதான் விளங்கியது. என்னை நோகடிக்க மனமில்லாமல் எல்லோரும் பேசாமல் விலகியிருந்தார்கள். அவர் ஒருவர்தான் முகத்துக்கு நேரே சொன்னார்.

“ஒண்டைக் கேளுங்கோ. பிறகு பேசாமல் இருங்கோ. மற்ற ஆள் சொல்லி முடிக்கட்டும்” என்று திரும்பத் திரும்பப் பழக்கினார். அவர் இருந்தவரை ஒருநாளும் எனக்கு அது சரிவரவில்லை. நீதிமன்றத்துக்கும் நான் திரும்பவில்லை.

செத்தவீட்டில் அவருடைய கணவர் ஒரு கதிரையில் தனியே இருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன். சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. “தம்பி, என்ன நடந்தது?” என்று மட்டும் கேட்டேன். அவர் கதைத்தார், அழுதார், மறுபடி கதைத்தார். நான் குறுக்கிடவில்லை. அவர் சொன்னது முழுவதும் இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

யசோதா எனக்கு விட்டுப்போனது ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான். எனக்குச் சரிவந்துவிட்டது என்று யாருக்காவது சொல்லவேண்டும்போல் இருந்தது. மனைவியிடம் சொன்னால், “செத்தவீட்டிலை எல்லாரும் கேக்கிறதுதானே” என்பாள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்த ஒரே ஆள் அங்கே பெட்டிக்குள் கிடந்தார்.