நாகவல்லி வழித்த புல்

காட்டுப்பாக்கம் ஏரிக்கரையில் நாகவல்லியிடம் வாய் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர் யாரும் இல்லை. புருஷன் வேம்புலியே பேச்சு வளர்ந்தால் மாட்டுத் தொட்டி கழுவுகிற சாக்கில் நழுவிவிடுவான். கறவை மாடுகளும், கரையோரப் புறம்போக்கில் விளையும் புல்லும்தான் அவர்களுக்குச் சோறு.

புல் அறுப்பதில் அவளுக்கு ஒரு வழக்கம். மொத்தத்தையும் ஒரே வீச்சில் வழிக்கமாட்டாள். கிழக்கே அறுத்தால் மேற்கே பூத்துக் கிடக்கும். மேற்கே அறுக்கும்போது கிழக்கே துளிர்த்திருக்கும். உரமா, மருந்தா, மூச்! பூக்களின் மேல் பட்டாம்பூச்சி மொய்க்கும். அதை அவள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

பார்க்க வைத்தவள் அகல்யா. காலேஜில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள். கேமராவும் கையுமாக வந்து, "ஐயோ, எவ்ளோ வகை! இந்த இடத்தைக் காப்பாத்தணும்மா. அடுத்த மாசம் ஆபீசருங்களைக் கூட்டிட்டு வரேன்" என்று குதித்தாள்.

நாகவல்லி அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். பக்கத்து ஏரியையும் இப்படித்தான் காப்பாற்றினார்கள். கம்பி வேலி போட்டு, நடைபாதை போட்டு, நுழைந்த மாட்டையெல்லாம் கழியால் அடித்து விரட்டினார்கள். சூடு கண்ட பூனை அவள்.

"பூச்சி கீதுன்னுதானே வேலி போடுவாளுங்க? பூச்சியே இல்லாம பண்ட்டா?" என்றாள் புருஷனிடம்.

"வோணாம்மே..."

"நீ சும்மா கெட. போய் மிசினை எட்னு வா."

வாடகைக்குப் புல்வெட்டி மிஷின் வந்தது. கரை முழுக்க மொட்டை. பூச்செடிகள் மேல் களைக்கொல்லி அடித்தாள், யூரியாவை வாரி இறைத்தாள், எருக்கம்புதரில் ஊர்ந்த, பட்டாம்பூச்சியாகப் போகும் வரிப்புழுக்களைத் துடைப்பத்தால் தட்டி மிதித்தாள். பாவி, என்ன வெறி! புல் மட்டும் கரும்பச்சையாய், ஒரே மட்டமாய் எழுந்தது. ஒரு இறக்கை கண்ணில் படவில்லை. 'வாடி, இப்போ வந்து பாரு' என்று கறுவிக்கொண்டாள்.

அதிகாரிகளோடு அகல்யா வந்தாள். கரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். முகம் செத்துப்போனது. கூட வந்த அதிகாரி ஷூ காலால் புல்லைக் கிளறிப் பார்த்து, "ஒண்ணுமே இல்லையேம்மா. அப்போ ஏற்கெனவே கேட்டிருக்கிற லாரி ஸ்டாண்டுக்கே குடுத்துட வேண்டியதுதான்" என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

"லாரி ஸ்டாண்டா?" நாகவல்லி ஜீப்பின் பின்னால் நாலடி ஓடினாள்.

அகல்யா ஆத்திரத்தோடு திரும்பினாள். "அதை நிறுத்தத்தான் நாயா அலைஞ்சேன்! நீங்க மாத்தி மாத்தி அறுத்ததாலதான் இங்க அத்தனை பூச்சி இருந்துச்சு. நீங்களே எப்பவும்போல அறுக்கணும்னு கேக்க இருந்தேன். இப்படி மழிச்சு வெச்சிருக்கீங்களே!"

நாகவல்லி அரிவாளைக் கீழே வீசினாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட நாசமாப் போறவளே! பூச்சி, பூச்சின்னு குதிச்சியே! புல்லை நீயே அறுத்துக்கோன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருந்தா இன்னாடி?"

அகல்யா கேமராவைப் பைக்குள் திணித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அடுத்த வாரமே அந்தக் கரும்பச்சைப் புல்லின் மேல் முதல் லோடு கட்டட இடிசல் ரப்பீஸ் விழுந்தது.