வானொலியில் வந்த அம்மாவின் பேச்சு

தெஹியோவிட்டவில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் எனக்கு வேலை. போட்டோகொப்பி எடுப்பேன், ஃபேக்ஸ் அனுப்புவேன், சிங்களத்தில் வரும் படிவங்களைத் தோட்டத்து ஆட்களுக்கு வாசித்துக்காட்டி நிரப்பிக் கொடுப்பேன். அந்த மாதச் சம்பளத்தை நம்பித்தான், வருகிற தைப்பொங்கலோடு ரப்பர் மலையில் பால்வெட்டை விட்டு நிற்பதாக அம்மா சொல்லியிருந்தாள். எங்கள் தோட்டத்தில், வீட்டில் ஒருவர் பெயராவது வேலைப் பதிவில் இருந்தால்தான் லயத்து வரிசையில் குடியிருக்கிற காம்பரா நம்முடையது. அம்மா நின்றுவிட்டால் டவுனில் வாடகைக்குப் போக வேண்டும். வாடகையை மகள் நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அப்பா போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட ஒரே திட்டம் அதுதான்.

அது சண்டையை நிறுத்திச் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம். வடக்குக்குப் பாதை திறந்ததும் கொழும்புக் கம்பெனிகளுக்குத் திடீரென்று தமிழ் தேவைப்பட்டது. என் முதலாளியின் மச்சான் அங்கே ஒரு விளம்பர நிறுவனத்தில் இருந்தார். சிங்கள வாசகங்களை அனுப்புவார். நான் பகல் சாப்பாட்டு நேரத்தில் தமிழில் எழுதித் திருப்பி அனுப்புவேன். சவர்க்காரம், சோயா மீட், டோர்ச் பெட்டரி என்று ஏதாவது வரும். எழுதும்போது பசி தெரியாது.

ஒருநாள் மூட்டுவலித் தைலத்துக்கு வானொலி விளம்பரம் வந்தது. நான் எழுதியதெல்லாம் மருந்துப் போத்தலின் லேபல் போலவே இருந்தது. அன்று பின்னேரம் அம்மா மலையிலிருந்து இறங்கி வந்து, வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, முழங்காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். “காலு ரெண்டும் எனக்கு முந்தியே வேலைய விட்டு நின்னுருச்சு” என்றாள். நான் சிரித்தேன். மறுநாள் அதையே எழுதி அனுப்பினேன்.

விளம்பரம் வந்தபோது நான் கடையில் இருந்தேன். அம்மா தோட்டத்து ஸ்டோரில், வெட்டிய பாலை நிறுக்க நின்றிருக்கிறாள். அங்கே நடந்ததைப் பக்கத்துக் காம்பரா அக்கா வந்து சொன்னார். “ரேடியோவுல அவங்க பேச்சு அப்புடியே வந்ததும் எல்லாரும் ஒங்கம்மாவப் பாத்துச் சிரிச்சிட்டோம். அவங்க மட்டும் வாளியக் கழுவிக்கிட்டே இருந்தாங்க.”

அம்மா வந்ததும் நானாகவே சொன்னேன்.

“அத நான்தாம்மா எழுதுனேன்.”

“தெரியும். நம்ம வீட்டுல வேற யாரு இருக்கா?” என்றவள் தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தாள். “நல்லாத்தான் இருந்துச்சு.”

அந்த வாரமே கொழும்பிலிருந்து அழைப்பு. அந்த ஒரு வரி எல்லாருக்கும் பிடித்துவிட்டதாம். வேலை நிறையத் தருகிறோம், ஒலிப்பதிவு நாட்களில் கொழும்புக்கும் வர வேண்டும் என்றார் முதலாளியின் மச்சான். மாதச் சம்பளம் கிடையாது, எழுதுகிற வேலைக்குத்தான் காசு. கடை வேலையை விடாமல் இதைச் செய்ய முடியாது. கடையை விட்டால் வாடகை வீட்டை நினைக்க முடியாது. அப்படியென்றால் அம்மா நிற்க முடியாது.

இரண்டு நாள் அதை அம்மாவிடம் மறைத்தேன். கடைசியில் முதலாளிதான் ரோட்டில் அம்மாவைக் கண்டு சிங்களத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

“போகலம்மா. கடையிலயே இருக்குறேன்” என்றேன்.

“எனக்காகன்னு சொல்லி நிக்காத. பொறகு அந்தப் பழியும் எனக்குத்தான்.”

“அப்ப ஒங்க காலு?”

“அது என் காலு. நான் பாத்துக்குறேன்.”

நான் இன்னும் ஒரு தடவை மறுத்திருக்கலாம். மறுத்தால் அவள் சரி என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. மறுநாள் அம்மா கங்காணியிடம் போய், தை மாதம் வேலையை விட்டு நிற்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அதன்பின் எங்கள் காலைகள் மாறிப்போயின. அம்மா விடியுமுன் கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு மலை ஏறுவாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பிஸ்கட்டைப் பற்றியும் ஷாம்புவைப் பற்றியும் எழுதுவேன். தண்ணிக்குப் போகிற பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டு போவார்கள். தாய் மலையில், குமரி நாற்காலியில் என்று அவர்கள் நினைப்பதாக எனக்குத் தோன்றும். மழை வந்தால் பால்வெட்டு இல்லை என்பதால் மழையை வேண்டிக்கொள்வேன். மழை பெய்த நாளுக்கு அம்மாவுக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வரும்.

மறுபடி சண்டை தொடங்கியதும் தமிழ் விளம்பரம் குறைந்தது. சில மாதம் அம்மாவின் சம்பளத்தில்தான் இருவரும் சாப்பிட்டோம். அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. கால்வலி என்றும் ஒருநாளும் சொல்லவில்லை. தேறிவிட்டது என்று நானும் நம்பிக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

பிறகு ஒருநாள் படியில் ஏற முடியாமல் நின்றுவிட்டாள். இரத்தினபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் சிங்களவர், இளம் பெண். எவ்வளவு காலமாக வலி என்று கேட்டார். அம்மா சிங்களத்தில் சொல்லத் தொடங்கினாள். இரவில் கால் மடக்க முடியாதது, சரிவில் பக்கவாட்டாகவே இறங்குவது, மரத்தைப் பிடித்துக்கொண்டு வலி அடங்கும்வரை நிற்பது. ஒவ்வொன்றாக, சிரிப்பும் பகிடியுமாகச் சொன்னாள். டொக்டரும் சிரித்தார். இத்தனை வருடம் ஒரே காம்பராவில் இருந்த எனக்கு எல்லாமே புதிது.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன். “ஏம்மா எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல?”

அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒங்கிட்ட எதச் சொல்ல, எத வுட? எது ரேடியோவுல வரும்னு எனக்குத் தெரியுமா?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அந்த மாதத்தோடு தோட்டப் பதிவில் அம்மாவின் பெயரை வெட்டச் சொன்னோம். தெஹியோவிட்டவில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தோம். விளம்பர வேலையும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. வீட்டுக்காரப் பெண்ணும் அம்மாவும் பின்பக்கம் உட்கார்ந்து மணிக்கணக்கில் சிங்களத்தில் கதைப்பார்கள். தண்ணி எடுக்க நான் அந்தப் பக்கம் போனால் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு, “எழுதி முடிஞ்சிருச்சா?” என்று கேட்பாள். இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.