அறுக்காத காப்பு

என்னுடைய பழைய வெள்ளைக் கோட்டை இன்னும் தூக்கிப் போடவில்லை. காலர் நைந்துவிட்டது, இரண்டு பொத்தான்கள் இல்லை. வலது பையின்மேல் கத்தரிக்கோல் வடிவத்தில் பழுப்பாக ஒரு தடம் இருக்கிறது. பைக்குள் கத்தரிக்கோல் கிடப்பது தெரியாமல் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தியதால் வந்த தடம். அழுத்தியவள் இப்போது இல்லை. எங்கள் மையத்தில் எல்லோருக்கும் அவள் இஸ்திரி அக்கா. எனக்கு வெறும் அக்கா.

ஆழ்வார்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் டயாலிசிஸ் மையத்தில் நான் டெக்னீஷியன். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை இயந்திரத்துக்குள் ஓடவிட்டு, சுத்தம் செய்து, திருப்பி உடம்புக்கே அனுப்புவது என் வேலை. அக்கா செவ்வாய், வியாழன், சனி வருவாள். மற்ற நாட்களில் மந்தைவெளியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் அவளும் அவள் கணவரும் இஸ்திரி வண்டி போட்டிருப்பார்கள். குடியிருந்தது அடையாற்றங்கரையில். அந்த வீடுகளை அரசாங்கம் இடித்து எல்லோரையும் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும் அக்கா வண்டியை விடவில்லை. இரண்டு பஸ் மாறி வந்து, கரி மூட்டி, ஊரார் சட்டைகளை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் கையில் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறுவை சிகிச்சை செய்வார்கள். இதயத்திலிருந்து வேகமாக ரத்தம் கொண்டுவரும் குழாயை, ரத்தத்தை மெதுவாகத் திரும்பக் கொண்டுபோகும் குழாயோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். அதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். பழக்கமில்லாத வேகத்தில் ரத்தம் பாயவும் அந்த மெல்லிய குழாய் சில வாரங்களில் பருத்துத் தோலுக்கடியில் புடைத்துக்கொள்ளும். விரல் வைத்தால் உள்ளே அதிர்வது தெரியும். அந்த அதிர்வு இருக்கும்வரை ஊசி குத்தலாம், இயந்திரத்தை ஓட்டலாம். நின்றுவிட்டால் ஆளின் கதை கஷ்டம். அக்காவுக்கு இடது கையில் இருந்தது. "தண்ணி மோட்டாரு போட்டா பைப்பு அதிரும்ல, அப்டி கீது நைனா," என்பாள். அன்றிலிருந்து அதற்கு மோட்டார் என்றே பெயராகிவிட்டது. படுக்கையில் ஏறி உட்கார்ந்ததும் கையை நீட்டி, "மோட்டாரு ஓடுதா பாரு," என்பாள். நான் விரல் வைத்து, "ஓடுதுக்கா," என்பேன். எங்கள் வணக்கமே அதுதான்.

அந்தக் கையைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, அதை அமுக்கிக்கொண்டு படுக்கக் கூடாது, இறுக்கமாக எதையும் கட்டக் கூடாது. கண்ணாடி வளையல்களை அக்கா அவளாகவே கழற்றிவிட்டாள். ஆயுள் முழுக்க இடது இடுப்பில் வைத்துப் பழகிய தண்ணீர்க் குடத்தை வலப்பக்கம் மாற்றிக்கொண்டாள். அவ்வளவு சொன்ன பேச்சு கேட்பவள். மற்றபடி என்னை அவ்வளவாக மதிக்க மாட்டாள். "இன்னா நைனா, கோட்டு இப்டி கசங்கி கீது? பேஷண்ட்டு நீயா நானா?" என்று எல்லோர் எதிரிலும் மானத்தை வாங்குவாள். வியாழக்கிழமை கோட்டைப் பிடுங்கிக்கொண்டு போய், சனிக்கிழமை மடிப்புக் கலையாமல் கொண்டுவருவாள். அப்படி ஒரு சனிக்கிழமைதான் கத்தரிக்கோல் தடத்தோடு கொண்டுவந்து, "பையில ஆயுதம் வெச்சிக்கினு குட்த்தா நான் இன்னா பண்றது?" என்று என்னையே திட்டினாள்.

அந்த ஆடி மாதத்துச் சனிக்கிழமையும் நான் அந்தக் கோட்டைத்தான் போட்டிருந்தேன். அக்கா முகமெல்லாம் மஞ்சளாக, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தாள். கையை நீட்டினாள். மணிக்கட்டில், தையல் போட்ட இடத்துக்குச் சற்று மேலே, மஞ்சள் கயிறு மூன்று சுற்றாக இறுகி, நடுவே ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டோடு உட்கார்ந்திருந்தது. காப்பு. ஆற்றங்கரையில் வீடுகள் போன பிறகும் அம்மன் கோயில் அங்கேயேதான் இருந்தது. ஆடிக் கூழுக்கு எல்லோரும் பெரும்பாக்கத்திலிருந்து திரும்பி வருவார்கள். "வூட்ட இட்ச்சிட்டாங்க. ஆத்தாவ எவன் இடிப்பான்?" என்றாள். "பொம்பளைக்கு எடக்கைலதானே கட்டணும், பூசாரி கட்டிட்டாரு. நாளிக்கி கூழு ஊத்தறோம். செவ்வாக்கெழம அவுத்துருவாங்க நைனா."

என் கை பைக்குள் போனது. கத்தரிக்கோலை எடுத்தும்விட்டேன். அக்கா அதைப் பார்த்தாள். நானும் ஆடிக் கூழ் குடித்து வளர்ந்தவன். என் அம்மாவும் காப்புக் கட்டுகிறவள். கட்டிய காப்பைப் பாதியில் அறுத்தால் அந்த வீட்டில் ஓர் உயிருக்கு ஆகாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. படித்த படிப்பு ஒரு பக்கம் இழுத்தது, பயம் இன்னொரு பக்கம் இழுத்தது. பயம்தான் ஜெயித்தது. கயிற்றுக்கடியில் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தேன், சிரமப்பட்டு நுழைந்தது. போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு மோட்டார் நன்றாகவே ஓடியது. கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவிழ்க்கச் சொல்லவில்லை, தளர்த்தச் சொல்லவில்லை, வலது கைக்கு மாற்றிக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அக்கா வந்தபோது கை வீங்கியிருந்தது. ஞாயிறன்று வெயிலில் நின்று கூழ் ஊற்றியிருக்கிறாள், அளவு பார்க்காமல் குடித்தும் இருக்கிறாள். உடம்பில் நீர் ஏறி, கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. அதை நான்தான் அறுத்தேன். பிறகு விரல் வைத்தேன். இடம் மாற்றி வைத்தேன். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டேன். அக்கா கையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மோட்டாரு நின்னுபோச்சா நைனா?" என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம சாயந்தரமே கை அமைதியாயிடுச்சு. ஆத்தா அடக்கி வெச்சிருக்கான்னு நெனச்சிக்கினேன்."

குழாய் முழுக்க ரத்தம் உறைந்துவிட்டது, இனி திறக்க முடியாது என்றார் டாக்டர். நீர் ஏறியதால் இருக்கலாம், கயிறாலும் இருக்கலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சனிக்கிழமை இந்தக் கயிற்றை யாரும் பார்க்கலையா? யார் ட்யூட்டி?" என்று கேட்டார். அக்காதான் சொன்னாள். "தம்பி அப்பவே சொல்ச்சு டாக்டரு. அறுத்துருன்னு தலதலயா அட்ச்சிக்கிச்சு. நான்தான் கேக்கல." டாக்டர் அவளைத் திட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாள். நான் பக்கத்திலேயே நின்றேன், மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கே என் வாய் திறந்திருக்க வேண்டும்.

வலது கையில் ஃபிஸ்டுலா வைக்கலாம் என்று பார்த்தார்கள். எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் ஊசி குத்திக் குத்தி அந்தக் கையின் குழாய்கள் நூலாகச் சுருங்கிப்போயிருந்தன. கடைசியில் கழுத்தில் குழாய் போட்டார்கள். கழுத்துக் குழாய் நனையக் கூடாது. ஐப்பசி மழை யாரைக் கேட்டுக்கொண்டு பெய்கிறது? பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, தண்ணீர் தேங்கிய தெருக்களில் இறங்கி நடந்து, முக்காடு நனைய வந்து நிற்பாள். ஒருநாள் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே குளிர் தூக்கிப்போட்டது. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் அக்கா போய்விட்டாள்.

நான் பெரும்பாக்கம் போயிருந்தேன். அவள் கணவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ அவ்ளோ சொல்லியும் இவ கேக்கலயாமே தம்பி. ஆஸ்பத்திரில எனுக்குன்னு ஒரு புள்ள கீதுன்னு சொல்லிக்கினே இருந்தா," என்றார். அவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. மாலையை வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

இந்த ஆடியில் திருவான்மியூரிலிருந்து வரும் ஒரு சின்னப் பெண் இடது கையில் காப்போடு வந்தாள். இதைக் கட்டக் கூடாதும்மா என்றேன். அவள் பூசாரிக்குப் போன் போட்டுக் கேட்டாள். "உடம்புக்கு ஆவாதுன்னா சோத்துக் கையில மாத்திக் கட்டிக்கம்மா, ஆத்தா கோச்சிக்க மாட்டா," என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. நானே அவிழ்த்து வலது கையில் கட்டிவிட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து பழைய கோட்டை எடுத்தேன். பழுப்புத் தடத்தின்மேல் விரல் வைத்துப் பார்த்தேன். வெறும் துணிதான். தலைதலையாக அடித்துக்கொண்டேன் என்று சொன்னாயே அக்கா, நான் ஒன்றுமே சொல்லவில்லை. அது உனக்கும் தெரியும்.