சாந்திராஜ் மலையிறங்கிய கதை

சாந்திராஜுக்குச் சரித்திரத்தில் எல்லாம் தெரியும். எங்கே நிறுத்த வேண்டும் என்பது மட்டும் தெரியாது.

செஞ்சி தாலுகா ஆபீசில் எனக்குப் பக்கத்து மேசை குமாஸ்தா. தெருவிலும் பக்கத்து வீடு. சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி ஆபீசர் ஆகிவிட வேண்டும் என்று மனுஷனுக்கு ஒரு வெறி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் எழுதினார், போச்சு. அறுபத்தைந்தில் எழுதினார், அதுவும் போச்சு. அறுபத்தாறோடு வயது வரம்பு முடிகிறது. அதிலும் தவறினால் ரிட்டயர் ஆகும்வரை என்னோடு உட்கார்ந்து பட்டா நகல் எழுத வேண்டியதுதான்.

ஏன் தோற்கிறார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எழுதிப் பழகும் விடைகளைப் படித்து மார்க் போடுகிறவன் நான்தான். மூன்று மணி நேரத்தில் ஐந்து கட்டுரை எழுத வேண்டும். கேள்வி எதுவானாலும் இவர் நேரே எங்கள் செஞ்சிக் கோட்டை நிற்கும் ராஜகிரி மலை மேல் ஏறிவிடுவார். மராட்டியர் நிர்வாகம் என்றால் ஏறலாம், நியாயம். கர்நாடகப் போர் என்றாலும் போகட்டும். மொகலாயர் நிலவரியைப் பற்றிக் கேட்டதற்கு எங்கள் கோட்டை நெற்களஞ்சியத்தின் சுவர் கனத்தை எழுதி வைத்தால் யார் மார்க் போடுவார்கள்? இது எங்கள் ஊர்க்காரர்களுக்கே உள்ள வியாதி. கண் விழித்தால் கோட்டை. இந்திய சரித்திரம் முழுக்க இங்கேதான் நடந்தது என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. எனக்கும் உண்டு. ஆனால் நான் பரீட்சை எழுதவில்லையே!

"இன்னாய்யா இது? ரெண்டு கேள்விக்குத்தான் பதில் இருக்குது. மீதி மூணு எங்க?" என்பேன்.

"எழுதிக்கினே இருந்தேன் ரங்கநாதா, நேரம் போனதே தெரியல" என்பார், குற்ற உணர்ச்சி கொஞ்சமும் இல்லாமல். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் மனைவி மருதேவி திண்டிவனம் பக்கம் ஒரு வெட்டவெளி ஊரில் பிறந்தவள். அதிகம் பேசமாட்டாள். அவர்கள் சமணர்கள்; பொழுது சாய்ந்தபின் அன்னம் தொடமாட்டார்கள். அந்த வீட்டில் பொழுது சாய்வது என்றால் சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் போவது. சாந்திராஜின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். மலை நிழல் முற்றத்தில் விழுந்துவிட்டால் அடுப்படிக்கு அன்றைக்கு விடுமுறை.

இரண்டாம் முறை தோற்றதும் மருதேவி ஒரு சட்டம் போட்டாள். "அஞ்சு கேள்வியும் எழுதிட்டு வந்தாத்தான் எல போடுவேன். நெழல் வந்துட்டா சோறு இல்ல."

மத்தியானம் ஒரு வாய் சாப்பிட்டு, கேள்வித்தாளைக் கையில் எடுக்கவே அவருக்கு மூன்று மணி ஆகிவிடும். முதல் ஞாயிறு அவுரங்கசீப்பின் படை செஞ்சியை முற்றுகையிட்டதை எழுதிக்கொண்டிருந்தார். முற்றுகை முடிவதற்குள் முற்றத்தில் நிழல் விழுந்துவிட்டது. மறுநாள் காலை வரை பட்டினி. கோட்டைக்குள் இருந்தவர்கள்கூட அன்று ராத்திரி ஏதாவது சாப்பிட்டிருப்பார்கள். அடுத்த ஞாயிறும் அதே கதை. மூன்றாவது வாரம்தான் புத்தி வந்தது. எழுதும்போதே ஒரு கண் முற்றத்தில் இருக்கும். பத்திகள் குட்டையாயின. ராஜகிரியை ஒரே வரியில் தாண்டிப் போன அன்று நான் எழுந்து நின்று கை தட்டினேன்.

நவம்பரில் மதராசில் பரீட்சை. சரித்திரப் பேப்பர் பிற்பகலில். திரும்பி வந்தவர் பையைக்கூட இறக்காமல் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"மூணாவது கேள்வி மராட்டியர்யா. என் கை மலையேற ஆரம்பிச்சுட்டுது. கடிகாரம் எனக்குப் பின்னால இருக்குது, அது ஞாபகமே இல்ல. திடீர்னு ஹாலே இருட்டிப் போச்சு. நெழல் வந்துட்டுது, சோறு போச்சுன்னுதான் நெனச்சேன். அடிச்சுப் புடிச்சு மராட்டியர முடிச்சு, நாலாவது, அஞ்சாவது எல்லாத்தையும் எழுதிட்டேன். அப்புறந்தான் லைட் போட்டான். திரும்பிப் பாத்தா இன்னும் அரை மணி நேரம் இருக்குது! வெறும் மழை மேகம்யா!"

மதராஸ் நடுவில் உட்கார்ந்துகொண்டு ராஜகிரி நிழலுக்குப் பயந்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். முதல் தடவையாக ஐந்து விடையும் எழுதி முடித்த நிம்மதியில் மேசை மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாராம்.

நேர்முகமும் முடிந்து, கோடையில் ஒரு நாள் சாயந்திரம் ஆபீசுக்கு வந்த பேப்பரில் அவர் நம்பர் இருந்தது. கூட்டுறவு இலாகாவில் ஆபீசர் வேலை. நானே நாலு தரம் சரிபார்த்தேன். இருவரும் ஓடி வீட்டுக்கு வந்தபோது முற்றம் முழுக்க நிழல்.

செய்தியைக் கேட்ட மருதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு இலை போட்டாள்.

"நெழல் வந்துட்டுதே" என்றார் சாந்திராஜ்.

"உக்காருங்க. மலை மறைச்சா பொழுது போயிடுமா? எங்க ஊர்ல இந்நேரத்துக்குக் கோழிகூட அடையாது."

சாந்திராஜ் நின்றபடியே கேட்டார். "அப்ப அந்த ஞாயித்துக்கெழமைங்க?"

"அப்பவும் வெளிச்சம் இருந்துச்சு. சோறும் இருந்துச்சு. பட்டினி போட்டாத்தான் நீங்க கோட்டைய விட்டு எறங்குவீங்கன்னு தோணுச்சு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சரியான ஆளும்மா நீ! அவரைக் காயப்போட்டுட்டு நீ மட்டும் சாப்ட்டியாக்கும்?"

"அவரு பட்டினி கெடக்கறப்ப எனக்கு எப்படிண்ணா எறங்கும்?" என்றாள்.

சாந்திராஜ் அடுப்படிக்குப் போய் இன்னொரு இலையை எடுத்துவந்து தன் இலைக்குப் பக்கத்தில் போட்டார். அவளை உட்காரச் சொல்லிவிட்டுச் சோற்றுக் கரண்டியைத் தானே எடுத்துக்கொண்டார். எனக்கும் ஓர் இலை விழுந்தது. நிதானமாகத்தான் சாப்பிட்டோம், பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது.