சர்க்கரை தின்ற தொட்டி

உலகத்திலேயே பெரிய பந்திக்குப் பரிமாறியவள் யார் என்று கேட்டால், பம்பரத்தைத்தான் கைகாட்ட வேண்டும். ஒரு வேளைக்கு உட்கார்ந்தவர்கள் கோடானுகோடி. ஒருவர்கூடக் குறை சொல்லி எழுந்து போனதில்லை. இதில் பாதி புளுகு என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடலாம். சாப்பாட்டை ஆக்கியது அவளில்லை, தொழிற்சாலை. குறை சொல்ல அந்தக் கூட்டத்துக்கு வாயே கிடையாது.

ஒட்டுப்பலகைக்குப் பசை காய்ச்சும் தொழிற்சாலை அது. பாத்திரங்களைக் கழுவிவிடும் தண்ணீரில் ஃபீனால் என்ற நஞ்சு கலந்திருக்கும். ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்த வாடை. அந்தத் தண்ணீர் பின்கட்டில் உள்ள பெரிய சிமென்ட் தொட்டிக்கு வரும். தொட்டி நிறையப் பழுப்புச் சேறு. பார்ப்பவர்களுக்குத்தான் சேறு, உள்ளே அத்தனையும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள். அடியிலிருந்து குழாய்கள் காற்றை ஊத ஊத, அவை ஃபீனாலைத் தின்று உடைத்துத் தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் ஆக்கிவிடும். மிச்சத்தில் தாங்களும் பெருகிக்கொள்ளும். தெளிந்த நீர் வாய்க்காலுக்குப் போகும்.

பம்பரம் என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் தப்பாக வைக்கவில்லை. லேபிள் ஒட்ட உட்கார வைத்தால் பக்கத்து மேசைக்காரியின் லேபிளையும் சேர்த்து ஒட்டினாள், தலைகீழாக. கிடங்கில் விட்டால் எல்லாவற்றையும் இடம் மாற்றி அடுக்கினாள். மறுநாள் யார் கைக்கும் எதுவும் அகப்படவில்லை. கடைசியில்தான் மேலாளர் தொட்டிக்கு அனுப்பினார்.

"இங்க கலைக்கறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. இதுவும் சரிப்படலைன்னா வேற இடம் கிடையாது, வீடுதான்."

தினமும் ஒரு கண்ணாடிக் குடுவையில் தொட்டித் தண்ணீரை மொண்டு அரை மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். சேறு அடியில் படிந்து மேலே நீர் தெளிந்தால் உள்ளே எல்லோரும் நலம். அந்த அரை மணிதான் அவளுக்குச் சிறைத்தண்டனை. குனிந்து பார்ப்பாள், விரலால் தட்டுவாள், தூக்கி வெளிச்சத்தில் காட்டுவாள். கலங்கிவிடும். மறுபடி முதலிலிருந்து.

இந்த நிலையில் கொதிகலன் பழுதாகி ஆலையை மூடினார்கள். காற்று மட்டும் ஓடியது. கழிவுநீர் வரத்து நின்றது. பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொட்டிக்குள் பச்சைப் பிள்ளைகள் பட்டினி கிடக்கின்றன, இவள் மட்டும் சாப்பிடுவதா? கேண்டீனில் ஈரம் பட்டுக் கட்டியாகிப்போன சர்க்கரை மூட்டைகள் கிடந்தன. கரைத்து வாளி வாளியாக ஊற்றினாள். சேறு கொழுகொழுவென்று பெருகியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆலை திறந்த அன்று தொட்டியிலிருந்து நுரை பொங்கி, சுவரைத் தாண்டிப் படியில் இறங்கியது. ஆய்வுக்கூடத்திலிருந்து நாத்தனார் ஓடி வந்தாள். கணவரின் தங்கை, ஒரே வீடு, ஒரே ஆலை.

"அண்ணி, ஃபீனால் வந்தபடியே வெளிய போகுது! ஒரு சொட்டுகூடத் தின்னல. என்ன குடுத்தீங்க இதுங்களுக்கு?"

"நல்லதுதான் குடுத்தேன். சர்க்கரை."

"சர்க்கரையா! அண்ணன் முன்னாடி பிஸ்கட் டப்பாவைத் திறந்து வச்சா, பாகற்காயைத் தொடுவாரா?"

"அவரை ஏன் இழுக்கறே?"

"சர்க்கரை தின்னறதுங்க பெருகி இடத்தைப் பிடிச்சிடுச்சு. ஃபீனால் தின்னறதுங்க ஒடுங்கிப்போச்சு. மிச்சம் இருக்கறதுக்கும் ருசி மாறிப்போச்சு."

மேலாளர் வாய்க்கால் மதகை அடைத்துக் கழிவுநீரைப் பக்கத்துச் சேமிப்புத் தொட்டிக்குத் திருப்பிவிட்டுப் பம்பரத்திடம் வந்தார்.

"அது விளிம்பைத் தொடறதுக்குள்ள இது சரியாகணும். இல்லன்னா ஆலையை நிறுத்தணும். நிறுத்தினா முதல்ல வெளிய போறது நீங்கதான்."

"இப்ப நான் என்னம்மா செய்யணும்?" என்று பம்பரம் நாத்தனாரைக் கேட்டாள்.

"ஒண்ணும் செய்யக்கூடாது, அண்ணி."

"ஒண்ணும்னா?"

"ஒண்ணுமே. காத்து ஓடட்டும். ஃபீனால் தண்ணியைக் கொஞ்சமே கொஞ்சம் நான் விடறேன். அதைத் தின்னத் தெரிஞ்சதுங்க தலைதூக்கும். நீங்க கையை வைக்காம இருந்தா போதும்."

"அதுக்கு என் கையை வெட்டிடேன்."

சேமிப்புத் தொட்டியில் ஈரக்கோடு ஏறிக்கொண்டே போனது. பம்பரம் கைப்பிடிக் கம்பிகளைத் தேய்த்தாள், தேய்த்ததையே தேய்த்தாள். திருகாணிகளுக்கு எண்ணெய் விட்டாள். ஈரக்கோட்டைப் பார்க்கப் போவாள், நுரையைப் பார்க்க வருவாள். வீட்டில் கணவர் சட்டையைக் கழற்றிய மறுகணம் அது வாளிக்குள் கிடந்தது.

"நாளைக்கும் இதைத்தானே போடணும்?" என்றார் அவர்.

"ஈரமாப் போடுங்க. எனக்கு ஏதாவது வேலை வேணும்."

நுரை வற்றியது. ஆனால் குடுவை தெளியவில்லை. அடுத்த நாளும் கலங்கல். அதற்கடுத்த நாள் பாதிவரை தெளிந்து ஆசை காட்டியது. சேமிப்புத் தொட்டியில் இன்னும் ஒரு சாண்தான் மிச்சம் என்ற காலையில், குடுவையை வைத்துவிட்டுக் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டாள். கால் கட்டைவிரல் மட்டும் தரையைச் சுரண்டியது. சேறு மெல்ல இறங்கியது. இறங்கி, நின்றது. மேலே நீர், பின்னாலிருந்த சுவரின் விரிசலைக்கூடக் காட்டியது. முகர்ந்தாள். வாடை இல்லை.

நாத்தனார் சோதித்துவிட்டு வந்தாள். "தின்னுதுங்க, அண்ணி!"

மேலாளர் மதகைத் திறந்தார். சேமிப்புத் தண்ணீரைச் சிறுகச் சிறுகத் தொட்டிக்கு விடச் சொன்னார். பம்பரத்திடம், "நாளைக்குச் சீக்கிரம் வந்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது போதும் அவளுக்கு.

அன்று சாப்பாட்டு மேசையில் அவளைப் பிடிக்க முடியவில்லை.

"கேட்டுக்கோங்க," என்றாள் கணவரிடம். "இத்தனை நாளும் சர்க்கரை மூட்டைப் பக்கம் என் கை போகவே இல்ல. அந்த மாதிரி ஒரு கட்டுப்பாடு!"

நாத்தனார் தட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

"ஆய்வுக்கூட ஜன்னல் தொட்டியைப் பார்த்துதான் இருக்கு, அண்ணி. முந்தாநாள் சர்க்கரையைக் கை நிறைய அள்ளிட்டு வந்து விளிம்புல நின்னீங்க. குனிஞ்சீங்க. நான் கத்தறதுக்குள்ள அத்தனையும் உங்க வாய்க்குள்ள போயிடுச்சு."