தாராவியிலிருந்து ஓடும் மோட்டார்

மும்பை தாராவியில் பெல்ட் தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கும் வானமாமலைக்கு, நாங்குநேரிப் பக்கம் சின்னதாக ஒரு வாழைத் தோட்டம் உண்டு. தம்பி பேச்சிராஜாதான் பயிரிடுகிறான். கிணற்று மோட்டாரை போனிலேயே இயக்கும் பெட்டி ஒன்றைப் போன பொங்கலுக்கு வானமாமலை வாங்கி மாட்டினார். தம்பி பகலில் கூலி வேலைக்கும் போவதால், மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் அண்ணன் பொறுப்பாயிற்று. தோல் நாற்றத்துக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு ஊரில் தண்ணீர் பாய்ச்சுவதில் அவருக்கு ஒரு பெருமை.

அன்று மதியமும் பொத்தானை அழுத்திவிட்டுத் தையலில் குனிந்தார். தம்பி மனைவி கோகிலவாணி கூப்பிட்டாள்.

"அத்தான், மோட்டாரப் போட்டுராதீய. கரண்டு இல்ல. குழாய்ல சருகு அடைச்சிருக்குன்னு அவுக கிணத்துக்குள்ள எறங்கியிருக்காவ. வயரு வேற தோலுரிஞ்சு தண்ணில கெடக்கு. நான் சோறு எடுத்துட்டு தோட்டத்துக்குப் போய்ட்டு இருக்கேன்."

வானமாமலை ஏற்கெனவே பொத்தானை அழுத்திவிட்டிருந்தார். கரண்டு வந்த நொடியே மோட்டார் தானாக ஓடும். அந்த வசதிக்காகத்தான் அந்தப் பெட்டியையே வாங்கினார்.

"போட்டுட்டேம்மா! ஓடு, அவன மேல வரச் சொல்லு!"

நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பட்டறைச் சந்தில் எப்போதும் சிக்னல் அரைகுறைதான். எழுந்து ஓடினார். "க்யா ஹுவா பாய்?" என்று பக்கத்து மெஷின் ரஹ்மத்துல்லா கத்தியது காதில் ஏறவில்லை.

சந்துக்கு வெளியே, தொண்ணூறு அடி ரோட்டில் நின்று மறுபடி மறுபடி அழுத்தினார். வட்டம் நிற்கவில்லை. கோகிலவாணி எடுக்கவில்லை. தம்பியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அது கிணற்று மேட்டில் சட்டையோடு கிடக்கும் என்று தோன்றியது.

பெட்டியிலிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது: 'மோட்டார் ஓடுகிறது.'

நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். தம்பியைக் கொன்றுவிட்டோம் என்றே நினைத்தார். பின்னாலேயே வந்த ரஹ்மத்துல்லா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

போன் அடித்தபோது எடுக்கக் கை வரவில்லை. ரஹ்மத்துல்லாதான் அவர் காதில் வைத்தார்.

"அண்ணே, நான்தான். அவ போட்ட சத்தத்துல ஏறிட்டேன். கடைசிப் படில கால் இருக்கும்போது ஓடிட்டு. சுரீர்னு ஒரு இழுப்பு. ஒண்ணுமில்ல, அழாத."

"அந்தப் பெட்டியக் கழத்தி எறிஞ்சிருல!"

"அது இல்லாம யாருண்ணே தண்ணி பாய்ச்ச?"

வயரை மாற்றிவிட்டார்கள். பெட்டி அங்கேதான் இருக்கிறது. தம்பியின் குரலைக் கேட்காமல் வானமாமலை இப்போது மோட்டாரைப் போடுவதில்லை.

"கிணத்துல ஆளு இல்லயேல?"

"இல்லண்ணே."

மறுபடியும் கேட்பார். அதற்குப் பிறகும் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றுகொண்டிருக்கும்.