டிராகன் அட்டை

தேனாம்பேட்டைத் தபால்தலைக் கண்காட்சியில் அடித்த பாச்சை உருண்டை வாசனை, இன்று செல்போன் கடையாகிவிட்ட லஸ் சந்துத் தபால்தலைக் கடைக்கு, என் பள்ளி நாட்களுக்கு, என்னை இழுத்துப்போனது. தபால்தலைகள் பறக்குமென்று கடைக்கார மாமா அங்கே மின்விசிறி போடமாட்டார். வியர்வை சொட்டச் சொட்ட, நனைத்த உறைகளிலிருந்து தபால்தலைகளை உரித்துச் செய்தித்தாளில் காயவைப்போம். வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடைத்த, டிராகன் தபால்தலை அட்டையிலேயே அச்சாகியிருந்த பழைய சீன அஞ்சலட்டையை அவரிடம்தான் காட்டினேன். "இது அச்சடிச்சதும்மா. ஒட்டினாத்தான் ஸ்டாம்ப்பு. இதுக்கு மதிப்பில்ல," என்று சொல்லி, மூன்று முக்கோணத் தபால்தலைகளைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். நானும் சந்தோஷமாக வீட்டுக்கு ஓடினேன்.

அதே அட்டை இங்கே கண்காட்சியில், கண்ணாடிக்குள், முதல் பரிசு நாடாவோடு. மூலையில் பென்சிலால் நான் எழுதிய பெயரும் ஆறாம் வகுப்பும் அழியாமல் இருந்தன. விரலை வைத்துப் படித்தேன்.

"கண்ணாடியத் தொடாதீங்கம்மா," என்றார் நரைத்துப்போன கடைக்கார மாமா.